முதலில் கண், பிறகு மெஷின்: வீட்டுப் பட்டறையில் வெல்டிங்

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தீப்பொறியைப் பற்றிப் பேசினால் யாருக்கும் தூக்கம் வராது என்று நினைத்திருப்பார்கள் போலும். மேல்நிலை வகுப்புகளில் இயந்திரவியல் தொழிற்கல்வி நடத்துகிறேன். வீட்டின் பின்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். விடுமுறை நாட்களில் என் பொழுது அங்கேதான். இந்த இரண்டு இடங்களிலும் கண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தமிழ் ஆசிரியருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கும் வெல்டிங் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இன்று வெல்டிங் மெஷின் ஒரு மாணவனின் புத்தகப் பை எடைக்கு வந்துவிட்டது. சாதாரண வன்பொருள் கடையிலேயே கிடைக்கிறது. நம் ஆசிரியர்களிலும் பலர் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, பள்ளியில் பெஞ்சு உடைந்தால், கேட் கீல் விட்டுப்போனால் வெல்டரை அழைப்பது நாம்தான். அப்போது சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் நம் பிள்ளைகள். மூன்றாவது, நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சிலருடைய அப்பாவோ மாமாவோ வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

என் உரையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் சாமான் வாங்கப் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் முகமூடி, இரண்டாவது வரியில் தோல் கையுறை, மூன்றாவது வரியில் தனி மின்வயர். மெஷின் நான்காவது வரியில்தான் வர வேண்டும். பலர் பட்டியலைத் தலைகீழாக எழுதுகிறார்கள். மெஷினுக்கே பணம் தீர்ந்துபோகிறது. பிறகு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பற்றவைக்கிறார்கள்.

வேலை எது என்று முதலில் பாருங்கள்

என்ன மெஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களிடம், என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். வீட்டு வேலை என்பது பெரும்பாலும் பூந்தொட்டி ஸ்டாண்டு, புத்தக அலமாரிச் சட்டம், கட்டில் கால், ஜன்னல் கிரில், கேட் கீல் ஆகியவைதான். எல்லாமே சாதாரண இரும்பு. சதுரக் குழாய், ஆங்கிள், பட்டை, தகடு என எதை எடுத்தாலும் கனம் ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இதற்கு எந்த முறை பொருந்தும் என்று பார்ப்போம்.

கேஸ் வெல்டிங் நம் ஊர்ப் பட்டறைகளில் பழகிய முறை. ஆக்சிஜன், அசிட்டிலின் என இரண்டு சிலிண்டர்கள் வேண்டும். அசிட்டிலின் சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். தீ குழாய் வழியாகப் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் கருவியைப் பொருத்த வேண்டும். வீட்டில் வைத்துக் காப்பாற்றும் பொருள் இல்லை இது.

மிக் வெல்டிங்கில் கம்பிச் சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயு வந்து உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கும். மெல்லிய தகட்டுக்கு மிகவும் நல்லது, பழகுவதும் எளிது. ஆனால் சிலிண்டர் வேண்டும், திறந்தவெளியில் காற்றடித்தால் அந்த வாயுப் போர்வை கலைந்துவிடும். டிக் வெல்டிங் ஆர்கான் வாயுவில் நடப்பது. எவர்சில்வர், அலுமினியம் போன்றவற்றை நேர்த்தியாகச் செய்யலாம், ஆனால் இரண்டு கையும் ஒரு காலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும்.

மீதி இருப்பது ராடு வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் வெல்டிங். வீட்டுப் பட்டறைக்கு முதல் மெஷினாக நான் சொல்வது இதைத்தான். இதற்கு வாயு சிலிண்டர் வேண்டாம். ராடின் மேல் பூசியிருக்கும் பூச்சே எரிந்து, காக்கும் வாயுவையும் மேலே மூடும் கசடையும் கொடுத்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கெல்பர்க் இரும்புக் கம்பிக்கு இப்படிப் பூச்சு கொடுத்தார். அதற்கு முன் வெறுங்கம்பியால் பற்றவைத்த இணைப்பு காற்று கலந்து நொறுங்கிப்போகும். வேதியியல் ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம்.

ஆர்க் வெல்டிங்கிலும் இரண்டு வகை உண்டு. பழைய எண்ணெய் டிரான்ஸ்பார்மர் பெட்டி சக்கரம் வைத்துத் தள்ளும் அளவுக்குக் கனமானது. பட்டறைக்கு ஏற்றது, வீட்டுக்கு வேண்டாம். இன்வெர்ட்டர் மெஷின் வீட்டின் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் ஓடும், நேர்மின்னோட்டம் கொடுக்கும், ஒரு கையில் தூக்கலாம். வீட்டுக்கு இதுவே போதும்.

வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகியவற்றை ஆரம்பத்தில் தொட வேண்டாம். உடைந்த அடிபம்புக் கைப்பிடியையும் அலுமினிய ஏணியையும் அனுபவமுள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள். ஏணியில் நாளை ஏறப்போவது யாரோ ஒருவர் என்பதை மறக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்

மெஷின் பெட்டியில் 200, 250 என்று பெரிய எழுத்தில் ஆம்பியர் அச்சிட்டிருக்கும். அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மெஷினின் பக்கவாட்டிலோ பின்புறமோ ஒரு விவரத் தகடு இருக்கும். கடையிலேயே அதைப் படியுங்கள். அதில் எத்தனை ஆம்பியரில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும்.

200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் பற்றவைக்கலாம், நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். ஓய்வே இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் எத்தனை ஆம்பியர்? கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல கணக்கு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே 200-ஐ 0.6-இன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். சுமார் 155 ஆம்பியர் வரும். வீட்டு வேலைக்கு 120 ஆம்பியரைத் தாண்டும் தேவையே அபூர்வம். ஆகவே இப்படித் தகட்டில் எழுதிய 200 ஆம்பியர் மெஷின் தாராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு வழக்கமாக 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்துக்குச் சொல்லப்படுவது. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அதற்கு மேலேயே இருக்கும். மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டால் அது பழுது அல்ல, சூடு தணியட்டும் என்று தானே நிறுத்திக்கொண்டது. அணைத்துவிடாமல் விசிறி ஓட விடுங்கள். தகட்டில் சதவீதமே எழுதாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கூடவே ஹோல்டர், எர்த் கிளாம்ப், கேபிள் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய கேபிளும் தளர்ந்த கிளாம்பும் நல்ல மெஷினையும் கெடுத்துவிடும்.

வீட்டு வயரிங் தாங்குமா?

இயற்பியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதத்தக்க ஒரு கணக்கு. ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் மின்னழுத்தத்தைக் கணக்கிட ஒரு பொதுவிதி உண்டு: 20 + (0.04 × ஆம்பியர்). 80 ஆம்பியருக்கு 23.2 வோல்ட் வரும். பெருக்கினால் சுமார் 1,850 வாட். மெஷினின் திறன் 80 சதவீதம் என்று கொண்டால் உள்ளே போவது சுமார் 2,300 வாட். திறன் காரணியை 0.7 என்று கொண்டால் வீட்டு வயரில் ஓடுவது 14 ஆம்பியருக்கு மேல். இதே கணக்கை 120 ஆம்பியருக்குப் போடுங்கள், 23 ஆம்பியர் வரும்.

வீட்டில் நாம் பவர் பிளக் என்று சொல்வது 16 ஆம்பியருக்கானது. சிறிய ராடு வைத்துக் கொஞ்ச நேரம் செய்தால் அது தாங்கும். பெரிய ராடு போட்டால் பிளக் சூடாகி உருகும். அந்தப் பிளக் சுவருக்குள் புதைந்த பழைய வயரில் இருந்தால் ஆபத்து நம் கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு, மீதி வயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டுவது இன்னும் மோசம். சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை.

உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து மீட்டர் பலகையிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன் இழுங்கள். அதற்கெனத் தனி எம்.சி.பி., சரியான தடிமனில் செம்பு வயர், நல்ல எர்த் மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. கூலிக்கு வேலை எடுத்துச் செய்ய நினைத்தால் அதற்குரிய இணைப்பு வாங்க வேண்டும்.

மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது அணைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மெஷினுக்குள் வரும் 230 வோல்ட் பக்கத்துக்கு அது காவல். ஆனால் ஹோல்டரும் இரும்பும் இருக்கும் பக்கம் மெஷினுக்குள்ளேயே தனியாகப் பிரிக்கப்பட்டது. அங்கே உங்கள் உடல் வழியாக மின்சாரம் போனால் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. பற்றவைக்காமல் சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். உலர்ந்த கையில் அது சுரீர் என்பதோடு போகலாம். நம் ஊர் வெயிலில் சட்டை நனைய வியர்த்திருக்கும்போது, ஈரத் தரையில் மண்டியிட்டு வேலை செய்யும்போது அதே மின்னழுத்தம் உயிரைப் பறிக்கலாம். அதனால்தான் உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி வைத்த மூடிய காலணி, கீழே ஒரு காய்ந்த பலகை. ராடு மாற்றும்போதும் கையுறையைக் கழற்றக் கூடாது. மழைத்தூறலில் வேலையே கூடாது.

ராடு தேர்வு

கடையில் போய் 6013 ராடு என்று கேளுங்கள். முதல் இரண்டு எண்கள் வலிமையைக் குறிக்கும், அதாவது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை. அடுத்த 1 என்பது தரையில், நிமிர்ந்து, தலைக்கு மேல் என எல்லா நிலையிலும் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. கடைசி எண் பூச்சின் வகை. எளிதில் பற்றும், கசடு எளிதில் உரியும். பழகுபவருக்கு இதுவே ஏற்றது. 7018 ராடு இதைவிட வலிமையானது, ஆனால் ஈரம் படாமல் சூட்டடுப்பில் காத்து வைக்க வேண்டும். வீட்டில் அதற்கு வசதி இல்லை.

தடிமன் 2.5 மி.மீ. என்றால் 60 முதல் 90 ஆம்பியர். 3.15 மி.மீ. என்றால் 90 முதல் 130. ராடு பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். எந்த முனையில் ஹோல்டரை மாட்டுவது என்பதும் அதில் இருக்கும். இரண்டு மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய்க்கு 2.5 ராடு, 65 ஆம்பியரில் தொடங்கிப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் குறையுங்கள், ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் பூச்சு ஈரம் குடித்துவிடும். மூடி இறுகிய டப்பாவில் போட்டு வையுங்கள்.

பற்றவைக்கும் கை

துருவையும் பெயின்டையும் கிரைண்டரிலோ கம்பி பிரஷிலோ தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்த இரும்பிலேயே மாட்டுங்கள். தீக்குச்சியை உரசுவது போல ராடின் நுனியை உரசி, உடனே கொஞ்சம் தூக்குங்கள். ராடின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி. ராடு எரிய எரியக் குறையும் என்பதால் கையை மெல்ல இறக்கிக்கொண்டே போக வேண்டும். சரியாகப் போகிறதா என்பதைக் காதே சொல்லும். எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வந்தால் சரி. விட்டுவிட்டு வெடித்தால் கை தூரமாகிவிட்டது.

புதியவர்கள் பார்ப்பது பளீரென்ற ஆர்க்கை. பார்க்க வேண்டியது அதன் பின்னால் உருகி நிற்கும் இரும்புக் குட்டையை. அது இரண்டு பக்க இரும்பையும் தொட்டுக்கொண்டு நகர்கிறதா என்பதில்தான் இணைப்பின் வலிமை இருக்கிறது. மேலே அழகாகக் குவிந்து, அடியில் ஒட்டாமல் இருக்கும் வெல்டு தேய்த்துப் பெயின்ட் அடித்தால் தெரியாது. உட்கார்ந்தால் தெரியும்.

சட்டம் செய்யும்போது ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே இழுத்துக் கோணலாக்கும். முதலில் நான்கு மூலையிலும் சிறு பொட்டு வையுங்கள். மூலை மட்டம் வைத்துச் சரிபாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக இருந்தால் எதிரெதிர் மூலைகளாக முழு வெல்டு போடுங்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற பாடத்துக்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முதல் வாரம் எந்தப் பொருளும் செய்ய வேண்டாம். பழைய இரும்புத் துண்டில் கோடு மட்டும் போடுங்கள். பிறகு இரண்டு துண்டை ஒட்டி, பிடிச்சிராவியில் வைத்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். எங்கே உடைகிறது என்பதே உங்கள் மதிப்பெண்.

கண்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஆர்க்கிலிருந்து வருவது வெளிச்சம் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரும் வருகிறது. அது கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுடும்போது வலி தெரியாது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பகலில் பார்த்தவர் நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எழுந்து உட்காருவார்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமை காலை இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வடிய வந்தான். வகுப்பாசிரியர் மெட்ராஸ் ஐ என்று நினைத்து, மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மூன்று நாள் விடுப்பு கொடுத்து அனுப்பினார். பையன் அந்த மூன்று நாளும் எங்கே போனான் தெரியுமா? எந்தப் பட்டறையில் கண் கெட்டதோ அதே பட்டறைக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். முகமூடி மாமாவிடம் இருந்தது, பிடித்துக்கொண்டிருந்தவனிடம் இல்லை. நான்காம் நாள் அவன் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தபோதுதான் உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: “தம்பி, வெல்டிங் பார்த்தியா?” “ஆமா சார், கொஞ்ச நேரம்தான் சார்.” அதன் பிறகே கண் மருத்துவரிடம் போனார்கள்.

அந்த ஒரு கேள்வியை நாம் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பீளை தள்ளி இமை ஒட்டிக்கொண்டிருந்தால் தொற்றாக இருக்கலாம். பீளை இல்லாமல், இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் எரிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் இருந்தால் “நேற்று வெல்டிங் பக்கம் நின்றாயா?” என்று கேளுங்கள். எப்படியானாலும் பார்க்க வேண்டியது கண் மருத்துவரை. பட்டறைகளில் உருளைக்கிழங்கு வெட்டி வைப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். புண்பட்ட கருவிழியில் இவற்றை விட்டால் கிருமி சேரும். மரத்துப்போகும் சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி விட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வலி தெரியாது, புண்ணும் ஆறாது. சரியான சிகிச்சையில் பெரும்பாலும் ஓரிரு நாளில் குணமாகிவிடும். ஆனால் திரும்பத் திரும்ப அடிபடும் கண்ணுக்கு அந்த உறுதியைத் தர முடியாது.

முகமூடிக் கண்ணாடியில் ஓர் எண் இருக்கும். நாம் செய்யும் 60 முதல் 130 ஆம்பியர் வேலைக்கு 10 அல்லது 11 எண் வேண்டும். கூலிங் கிளாஸ் எத்தனை கறுப்பாக இருந்தாலும் இதற்கு உதவாது. முகத்தோலையும் அது காக்காது. தானாகக் கறுக்கும் முகமூடி இப்போது வந்திருக்கிறது. கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும், பற்றவைக்கும் இடம் முன்பே தெரியும். புதியவருக்கு நான் அதையே சொல்வேன். கசடைத் தட்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் வெள்ளைக் கண்ணாடி வேண்டும். கசடு கொதிக்கக் கொதிக்கத் தெறிக்கும்.

வேடிக்கை பார்ப்பவர் என்ன செய்வது? தூரம் இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகும். ஒரு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் பத்து மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும். ஆனால் வெள்ளையடித்த சுவர் கதிரைத் திருப்பி அனுப்பும். ஆகவே தூரத்தோடு மறைப்பும் வேண்டும். தகரமோ கனமான தார்ப்பாயோ மூன்று பக்கமும் இருக்கட்டும். என் கொட்டகையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ராடு உரசும் முன் “கண்ணு!” என்று உரக்கச் சொல்வேன். வீட்டில் எல்லோரும் திரும்பிக்கொள்வார்கள்.

புகை, தீ, மூடிய டப்பா

ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகுவதோ 1,538 டிகிரியில். அதாவது இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகி நம் மூக்குக்கு வந்துவிடுகிறது. அன்று மாலையோ இரவோ குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலில் இருக்கிறது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று செய்யுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது.

பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை போடுங்கள். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். தீப்பொறி பத்து மீட்டர் வரைகூட உருண்டோடும். அந்தத் தூரத்துக்குள் தென்னை ஓலை, வைக்கோல், சமையல் சிலிண்டர், தின்னர் டப்பா இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலும் ஒரு வாளி நீரும் பக்கத்தில் இருக்கட்டும். மெஷினில் தீப்பிடித்தால் நீர் ஊற்றாமல் முதலில் மின்சாரத்தை அணையுங்கள். வேலை முடிந்ததும் போய்விடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் என்றைக்கும் செய்யாதீர்கள். பெட்ரோல் டேங்க், டீசல் பீப்பாய், பெயின்ட் டிரம் எதையும் பற்றவைக்காதீர்கள். காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய் ஆபத்து. அடியில் ஒட்டிய சில சொட்டுகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். அது வெடிகுண்டுக்குச் சமம். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன் என்பது போதுமான பதில் இல்லை.

பள்ளிக்குள் வெல்டர் வரும்போது

தலைமையாசிரியர்களுக்கு நான்கு வேண்டுகோள். ஒன்று, வெல்டிங் வேலையை விடுமுறை நாளில் வையுங்கள். முடியாவிட்டால் பள்ளி விட்ட பிறகு. இரண்டு, மறைப்பு கட்டாமல் தொடங்க விடாதீர்கள். மூன்று, எர்த் கிளாம்பை எங்கே மாட்டுகிறார் என்று நீங்களே போய்ப் பாருங்கள். பழுது பார்க்கும் பெஞ்சில் மாட்டாமல், வசதிக்காகக் கேட்டிலோ கட்டடக் கம்பியிலோ மாட்டினால் நடுவில் உள்ள இரும்பெல்லாம் மின்பாதையாகிறது. அந்தக் கேட்டைப் பிடித்து ஒரு குழந்தை நிற்கலாம். நான்கு, முடிந்த பிறகு தரையைக் கூட்டுங்கள். ராடு அடிக்கட்டையும் கசடும் வெறுங்காலுக்கு முள்ளை விடக் கொடியவை.

பட்டறைக்குப் போகும் பிள்ளைகள்

வெல்டிங் கீழான தொழில் என்ற எண்ணம் நம்மிடமே இருக்கிறது. படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய் என்று வகுப்பில் சொல்கிறோம். பட்டறைக்காரரின் மகன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திருச்சியில் பெல் நிறுவனம் செய்யும் கொதிகலனின் உயர் அழுத்தக் குழாய்களை வெல்டிங்தான் இணைக்கிறது. வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இயங்குகிறது. வெல்டு போட்ட இடத்தைப் படம் எடுத்து உள்ளே குறையில்லை என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கைக்கு நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் மதிப்பு இருக்கிறது.

ஆனால் அதற்கு வழி பட்டறையில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது அல்ல. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதும், 18 வயது நிறையாதவரை ஆபத்தான தொழிலில் வைப்பதும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே அதற்குத் தகுதி. இடையில் நின்றுவிடும் நிலையில் உள்ள பிள்ளையிடம், அவன் பெற்றோரிடம் இதைச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போனால் இன்னும் பல பிரிவுகள் திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு மெஷின் வாங்குவதோ வாங்காததோ உங்கள் விருப்பம். வாங்குபவர்கள் பட்டியலை நான் சொன்ன வரிசையில் எழுதுங்கள். வாங்காதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளை வகுப்புக்குப் போனதும், வீட்டில் வெல்டிங் வேலை செய்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். உயரும் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு செய்தியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்: பற்றவைப்பவருக்கு ஒரு முகமூடி என்றால், பக்கத்தில் பிடிப்பவருக்கும் ஒன்று வேண்டும்.